மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் ஃபேன் ஏன் நிற்கிறது?

காரைக்குடி வீட்டு மொட்டைமாடியில் பேனல் இருந்தும், உச்சிவெயிலில் கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதெல்லாம் இல்லை. பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதை, அலைபோலத் திசை மாறி மாறி ஓடும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரமாக்குவது இன்வெர்ட்டர். உள்ளே டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டு துண்டாக்குகின்றன. துண்டுகளின் அகலம் ஏறி இறங்க, அலை உருவாகிறது. அப்புறம் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து, செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சைத் தேய்ப்பதுபோல அதை மழமழப்பாக்கும்.

உங்களுடைய இன்வெர்ட்டர் ரகம் தெருக்கம்பியின் அலையைப் பார்த்தே ஓடும். அது நின்றால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்தே ஷாக் போகும்!

பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைத்தால், கரண்ட் போனதும் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டும். வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, நாலு ஃபேன், லைட் என்றால் சின்னதே போதும். கிணற்று மோட்டாரும் ஓட வேண்டுமென்றால் செலவு எகிறும்.