சுவரில் ஏறும் உண்ணி

கேள்வி: நாய்க்கு மாதாமாதம் பிடரியில் உண்ணி மருந்து விடுகிறோம். ஆனாலும் சுவரெல்லாம் உண்ணி ஏறுகிறதே?

பதில்: அது பழுப்பு நாய் உண்ணி. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டிறங்கி, கதவு நிலை இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே விரிசலைப் பூசி அடையுங்கள். நாயின் விரிப்பை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

மருந்தை முடியை விலக்கித் தோலில் விடுங்கள். முடிமேல் விட்டால் வீண். அதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் கூடாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடித்திருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் பூனை உண்டா? பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்து அதற்கு விஷம்.