குடும்பத்தோடு போன நீண்ட கார்ப் பயணத்தில் நீங்கள் எதிர்பாராமல் பார்த்தது என்ன? எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

இரண்டுக்கும் ஒரே பதில்தான்: ராமநாதபுரம் கடற்கரை.

போன மாசியில், சிவராத்திரிக் கூட்டம் வடிந்த மறுவாரம், பாளையங்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பினோம். நான், மனைவி, எட்டாம் வகுப்பு மகள், மூன்றாம் வகுப்பு மகன், அப்பா, அம்மா. ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. ஏழாவது ஆளின் இடத்தை அம்மாவின் கட்டுச்சோற்றுக் கூடை பிடித்துக்கொண்டது.

ஆளுக்கொரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு உத்தரகோசமங்கை சிவன் கோயில். மகளுக்குத் தனுஷ்கோடியில் எடுக்கவேண்டிய படங்கள். அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்கு மேலே போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கப்பலுக்கு வழிவிட, 72.5 மீட்டர் நீளத் துண்டு கிடந்த வாக்கிலேயே 17 மீட்டர் உயரும். "லிப்ட் மாதிரி ஏறுதாம்ல" என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு, தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டும்போது வெளுத்தது. வேம்பாரைக் கடந்தால் ராமநாதபுரம் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருக்கிறதே தவிர, இந்தப் பக்கம் கடல் லேசில் முகம் காட்டாது. பனை, சீமைக்கருவேல், மறுபடியும் பனை. நடுவில் ஒரு ஆட்டுமந்தை பத்து நிமிடம் சாலையை எடுத்துக்கொண்டது. சாயல்குடியில் டீ குடித்தோம். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அங்கிருந்து ஏர்வாடிப் பக்கம் போய்த் திரும்பியிருக்கலாம். கைப்பேசி வரைபடம் பதினோரு நிமிடம் மிச்சம் என்றது. நம்பினேன். கடலாடிப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் கொண்டுபோய் விட்டது. ஒரு வண்டி போகிற அகலம். தூரத்தில் சாலையின் பாதி அகலத்துக்கு யாரோ செம்மண் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் மிளகாய். உருண்டை உருண்டையாக, ராமநாதபுரம் முண்டு. களத்தில் இடம் போதாமல் சாலையில் காயப்போட்டிருந்தார்கள்.

மெதுவாக ஒதுங்கித்தான் போனேன். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. எனக்கு இடதுபக்கம் விட்டால் வேறு வழியில்லை. சக்கரம் ஏறியதும் அடியில் பொறபொறவென்று சத்தம். கண்ணாடியெல்லாம் இறக்கி வைத்திருந்தோம். முதலில் மகன் தும்மினான். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் மகள். அப்புறம் அம்மா, அடுத்தடுத்து ஏழெட்டுத் தும்மல். மனைவி புத்திசாலித்தனமாகக் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டாள். வெளியே இருந்த நெடியை ஏசி மொத்தமாக இழுத்து முகத்துக்கு நேராக ஊதியது. அதற்குப் பிறகு எனக்குக் கண் தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியது மிளகாயின் மேலேயே.

"யாருப்பா அது, மிளகா மேலயே நிப்பாட்டி வச்சிருக்கது? முன்னால எடு!" என்று கத்திக்கொண்டே ஒரு பெண்மணி ஓடி வந்தார். தலையில் துண்டு, கையில் மிளகாய் தள்ளும் பலகை. "கண்ணு தெரியலக்கா" என்றேன். ஆறு பேரும் ஆறு கதவு இருந்தால் ஆறிலும் இறங்கியிருப்போம். நாலு கதவில் முட்டி மோதி இறங்கி, மூக்கும் கண்ணும் ஒழுக நின்றோம். அந்த அக்காவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

மகன் அதற்குள் கீழே கிடந்த மிளகாயைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்துவிட்டான். அவன் போட்ட சத்தத்தில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து இரண்டு ஆடு எட்டிப் பார்த்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அக்கா தடுத்தார். "கைல தண்ணிய ஊத்தி என்னத்துக்கு? மொதல்ல எண்ணெயத் தேய்ச்சு தொட." விஷயம் சரிதான். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். வெறும் தண்ணீர் விட்டால் கையிலேயே நிற்கும். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பையன் கையில் தேய்த்து, துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் கண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டார். கால் மணி நேரத்தில் அவன் கருப்பட்டி மிட்டாய் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

சக்கரம் ஏறிய மிளகாயில் விதை உதிர்ந்துவிடும், விலை போகாது என்றார். அப்பா ஐநூறு ரூபாயை நீட்டினார். "காச மட்டும் வாங்கிட்டு நான் என்ன செய்ய? மிளகாயா வாங்கிட்டுப் போங்க." சரி என்று மூன்று கிலோ வாங்கினோம். நாங்களே நசுக்கியதை அல்ல, நல்ல மிளகாயைத்தான் அளந்து கொடுத்தார். இந்த முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை மகள் அங்கே நின்றே தேடிப் படித்துச் சொன்னாள். "குறியீடு வந்துச்சு, மழதான் ஒழுங்கா வரல" என்றார் அக்கா.

இந்தக் கூத்தில் உத்தரகோசமங்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் நடை சாத்திவிட்டார்கள். அங்கே மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரைக்குத்தான் காப்பைக் களைவார்கள். அம்மாவுக்கு இது தெரியும். "எப்ப வந்தாலும் சந்தனத்தத்தான் பாக்கப் போறோம், மார்கழியில வருவோம்" என்று சொல்லிவிட்டு, கோபுரத்தைக் கும்பிட்டு, வெளியே தாழம்பூ வாங்கி வண்டிக்குள் வைத்தாள். மிளகாய் நெடியும் தாழம்பூ வாசனையும் கலந்தால் என்ன மணம் வரும் என்று யாருக்காவது தெரியவேண்டும் என்றால் என்னிடம் கேட்கலாம்.

கீழக்கரையில் சாப்பாடு, கூடவே இரண்டு கிலோ தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கிற பண்டம். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். அப்பா கிலோமீட்டரும் டீசல் கணக்கும் எழுதி வைக்கிற நோட்டு அதன் அடியில் இருந்திருக்கிறது. மண்டபம் வருவதற்குள் பாதி நோட்டு கண்ணாடித்தாள் ஆகிவிட்டது.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியபோது காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. இடதுபக்கம் கீழே பழைய ரயில் பாலம், 1914-ல் திறந்தது. பக்கத்திலேயே புதியது. தூக்கு இறங்கித்தான் இருந்தது. அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்தார். "பழசுல ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையாலேயே சுத்தித் தொறப்பாங்க. இதுல பொத்தான அமுக்குனா போதும். அப்படி இருந்தும் தூக்க மாட்டேங்கான்." அக்கரையில் இறங்கி ஒரு மீன்காரரிடம் விசாரித்தார். "நேத்துதானய்யா தூக்குனாங்க" என்றார் அவர். அன்று ராத்திரி அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை இருபத்திரண்டு தீர்த்தம், தரிசனம், எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுபோல நடந்தது. மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி.

கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிக் கிடக்கும் உப்புநீரில் வெள்ளையும் ரோஸுமாக நீளக் கோடு தெரிந்தது. மகன் பிளாஸ்டிக் குப்பை என்றான். கோடு நகர்ந்தது. பூநாரைகள். இருநூறுக்குக் குறையாது. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றைச் சலித்துக்கொண்டே ஒரே பக்கமாக நடந்தன. படம் எடுக்கவென்றே வந்த மகள் கைப்பேசியை எடுக்கவே மறந்துவிட்டாள். அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவே ஒரு சாதனை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கைப்பேசி சிணுங்கியது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. தலைமன்னார் கடலுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரம். அங்கத்திய சிக்னல் இங்கே எட்டும். வண்டி ரேடியோவில் இலங்கைத் தமிழில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் தோழிகளுக்கெல்லாம் வெளிநாடு வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

அப்புறம் நான் செய்த காரியம். சாலை முடிகிற அரிச்சல்முனை வரை போய்விட்டுத் திரும்பும்போது, இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில், தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கினேன். ஏற்கெனவே சக்கரத்தடம் இருந்தது. அந்தத் தடம் ஜீப்புடையது என்று பிறகுதான் தெரிந்தது. முப்பது அடி போனதும் முன்சக்கரம் சுழன்றது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். "மிதிக்காதல, மிதிக்காதல" என்று அப்பா கத்தினார். இன்னும் மிதித்தேன். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் அவசரமே இல்லாமல் வந்தார்கள். இது அவர்களுக்கு வாடிக்கை போலிருக்கிறது. "அண்ணே, எல்லாரையும் எறக்குங்க. நீங்களும் எறங்குங்க. வண்டிய எங்க தம்பி எடுப்பான்." ஒருவர் வால்வு முனையை ஆணியால் அழுத்திக் காற்றை இறக்கினார். டயர் பிதுங்குகிற வரை, நாலிலும். காற்றுக் குறைந்த டயர் மணலில் அகலமாகப் படியும், எடை பரவும், புதையாது. வண்டி ஓட்டத் தெரியும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொள்கிற எனக்கு இது தெரியாது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வாரினார்கள். பனை ஓலையும் பழைய வலையும் போட்டார்கள். வள்ளத்துக் கயிற்றை முன்னால் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா ஒரு குடிசைப் பக்கம் போய்விட்டாள். அங்கே ஒரு அம்மா மணலில் இடுப்பளவு தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். கடல் அலை இருபதடியில் அடிக்கிறது, ஊற்றில் நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர் கனம் குறைவு என்பதால் உப்புநீருக்கு மேலே நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அதனால் சிரட்டையால் மேலாக அள்ளவேண்டும் என்று அந்த அம்மா சொன்னாராம். வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்றும் காட்டியிருக்கிறார். ஆண் கடல்தான் அன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவைக் காணோம். தேடிப்போனால் பழைய ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களுக்கு நடுவே அடி அளந்து நடந்துகொண்டிருந்தார். எழும்பூரில் ஏறினால் இதுவரை ரயில், இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. "இருட்டுல சிக்னல் தெரிஞ்சிருக்காது. நின்னு பாத்துட்டு எடுத்திருப்பாரு டிரைவரு" என்றார் அப்பா, யாரிடமோ சொல்வதுபோல. பையன் கேள்வி கேட்க வாயைத் திறந்தான். நான் அவனை வலை பார்க்கக் கூட்டிப்போய்விட்டேன்.

ஏலேலோ சொல்லி இழுத்தபோது வண்டி வெளியே வந்துவிட்டது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா மிளகாய்ப் பையைத் திறந்து ஒரு கிலோவை ஊற்றுக்கார அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். அவர் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "முண்டு நல்லா இருக்கே, மீன் கொழம்புக்கு ஆகும்" என்றார். பதிலுக்கு ஒரு பை நெத்திலிக் கருவாடு வந்தது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

இருட்டப்போகிறது, வெளியூர் வண்டியெல்லாம் கிளம்புங்கள் என்று காவலர் வந்து விரட்டினார். பிதுங்கிய டயரோடு இருபது கிலோமீட்டர் ஊர்ந்து ராமேஸ்வரத்தில் காற்றுப் பிடித்தபோது, பஞ்சர் கடைக்காரர் ஒரு டயரில் கருவேல முள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கடலாடி முள்ளாகத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் அது எங்களோடு வந்திருக்கிறது.

மறுநாள் திரும்பினோம். வண்டிக்குள் கருவாடு, தொதல், வாடிய தாழம்பூ, மிச்ச மிளகாய். ஏசி போட முடியாது, கண்ணாடியை ஏற்ற முடியாது. அப்பா முன் இருக்கையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாம்பன் பாலத்தின் மேல் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாரும் வடக்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கிடந்த வாக்கிலேயே, லிப்ட் மாதிரி.

"தாத்தா, எழுந்திரிங்க, தாத்தா!" என்று மகள் பின்னாலிருந்து உலுக்கினாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "என்னால தள்ள முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். காவலர் கையைக் காட்டினார். எடுத்துவிட்டேன். அவர் விழித்தபோது மண்டபம் தாண்டியிருந்தது.

மகள் எடுத்த படம் தெளிவாகவே வந்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை காட்டிவிட்டாள். "படத்துல தூக்குனா தூக்குனதா ஆயிருமா?" என்கிறார்.