அம்மாவின் குரல் மட்டும் ஏன் உடைகிறது? ஊர்வீட்டுச் சிக்னல் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சாயல். பிள்ளைகள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கிறார்கள். பெற்றோர் ஹங்வெல்லை, பாதுக்கை, அவிசாவளைப் பக்கம். அதே கொழும்பு மாவட்டம்தான். ஆனால் றப்பர் மரங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வீடுகளில் போன் எடுத்து நிம்மதியாகப் பத்து நிமிடம் கதைக்க முடிவதில்லை. எல்லாரும் கேட்பது ‘பூஸ்டர்’. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹங்வெல்லை வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். புறக்கோட்டையில் பூஸ்டர் விற்கிறார்கள். வாங்கிப் பூட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கடையில் பூஸ்டர் என்று சொல்லி மூன்று வேறுவேறு சாமான்களைக் காட்டுவார்கள். ஒன்று ரிப்பீட்டர்: கூரையில் ஓர் அன்டெனா, உள்ளே ஓர் அன்டெனா, நடுவில் பெருக்கி. கோபுரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடித்துப் பெருக்கி வீட்டுக்குள் விடும். இதற்கு இணையமே தேவையில்லை. இரண்டாவது ஃபெம்டோசெல்: உங்கள் பிராட்பேண்ட் வழியாகத் தொலைபேசி நிறுவனத்தோடு இணைந்து, வீட்டுக்குள்ளேயே சின்னக் கோபுரமாக வேலை செய்யும் பெட்டி. நிறுவனமே தந்தால்தான் அது இயங்கும். மூன்றாவது வைஃபை எக்ஸ்டெண்டர். அது வைஃபையை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும். மொபைல் சிக்னலைத் தொடவே தொடாது. கடைக்காரர் எதைத் தருகிறார் என்று தெரியாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ரிப்பீட்டரை நீங்களாகப் பூட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், இப்படி வானலை பரப்பும் கருவிக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். இது வெறும் கடதாசி விவகாரம் இல்லை. மலிவான ரிப்பீட்டர் உங்கள் குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பும். அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் ஊர் முழுவதும் அதனால் பாதிக்கப்படும்.

முதலில் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பக்கத்தில் டிபிஎம் கணக்கு (சிக்னல் வலுவின் அளவு) இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்துக் கோல் எடுத்தால் வரும். 4ஜி சிக்னல் -90 என்றால் நல்லது, -105 என்றால் சமாளிக்கலாம், -115க்குக் கீழே போனால் கோல் நிற்காது. இந்தக் கணக்கில் 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள்.

வாசலில் -95, வீட்டுக்குள் -118 என்றால் குற்றம் கோபுரத்தில் இல்லை, உங்கள் வீட்டில். பாதுக்கையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டுக் கூரைதான், சுவரும் மெல்லியது, ஆனாலும் உள்ளே ஒன்றுமே இல்லை. மேலே ஏறிப் பார்த்தால், வெக்கை தெரியாமல் இருக்க ஓட்டுக்குக் கீழே முழுக்க வெள்ளித்தாள் விரித்திருந்தார்கள். உலோகத் தாள் சிக்னலுக்குச் சுவர். தகரக் கூரையும் அப்படியே. அந்த வீட்டில் நாங்கள் எந்தப் பூஸ்டரும் பூட்டவில்லை. வைஃபை கோலிங், அதாவது கோல் கோபுரத்துக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகப் போகும் வசதி, அதைப் போட்டுக் கொடுத்தோம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். டயலொக், எஸ்எல்டி-மொபிட்டெல் ஆகியவற்றில் இந்த வசதி இருக்கிறது. போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சில போன்களில் நம் நாட்டு நிறுவனங்களுக்கான அமைப்பு இருப்பதில்லை.

அவிசாவளையில் அம்மாவின் போனுக்கு வைஃபை கோலிங் போட்டுக் கொடுத்தேன். நாங்கள் கதைப்பது அவவுக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவவின் குரல்தான் எங்களுக்கு விட்டுவிட்டு வருகிறது. பழைய ஏடிஎஸ்எல் லைன், லேண்ட்லைன் வயரில் வரும் இணையம். வேகம் 3 மெகாபிட் காட்டுகிறது. அது போதாதா?

தாராளமாகப் போதும். நீங்கள் பார்த்தது இறக்கும் வேகம் (டவுன்லோட்). அம்மாவின் குரல் ஏறும் பக்கமாகத்தான் (அப்லோட்) உங்களிடம் வருகிறது. வேகப் பரிசோதனையில் இரண்டாவதாக ஓர் இலக்கம் வரும், அதைப் பாருங்கள். தூரத்து ஏடிஎஸ்எல் லைனில் அது 0.4 மெகாபிட், அதாவது 400 கிலோபிட் அளவில்தான் இருக்கும்.

அதுவும்கூடக் குறைவில்லை. ஒரு கோலுக்கு ஒரு பக்கம் 100 கிலோபிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். குரலைப் போன் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, செக்கனுக்கு 50 பொட்டலம் அனுப்புகிறது. பொட்டலங்கள் சின்னவை. ஆனால் அவை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் 150 மில்லிசெக்கனுக்குள் போனால் கதைப்பவர்களுக்குத் தாமதமே தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அளவு.

இப்போது அதே வீட்டில் தம்பி எடுத்த வீடியோ கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் பொட்டலம் ஒவ்வொன்றும் 1,500 பைட். 400 கிலோபிட் லைனில் ஒன்றைத் தள்ள 30 மில்லிசெக்கன். ரவுட்டர் அப்படி நூறு பொட்டலங்களை வரிசையில் வைத்திருந்தால், அம்மாவின் குரல் அதன் பின்னால் 3 செக்கன் காத்து நிற்கிறது. நோயாளியை ஏற்றிய ஓட்டோ மணல் லொறி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி. ரோடு சின்னது என்பது பிரச்சினை இல்லை. ஓட்டோவுக்கு வழிவிட ஆளில்லை என்பதுதான் பிரச்சினை.

இது உண்மைதானா என்று நீங்களே பார்க்கலாம். இரவு எல்லாரும் படுத்த பிறகு, மடிக்கணினியிலிருந்து 8.8.8.8 என்ற கூகுள் சேவையகத்துக்குப் பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெக்கன் என்று அளக்கும் கட்டளை) போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். வந்த இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக ஒரு வீடியோவை ஏற்றிக்கொண்டே திரும்பப் பிங் பாருங்கள். 40 இருந்தது 1,500 ஆனால் நான் சொன்ன வரிசைதான் காரணம். அப்படியானால்:

ஏறும் பக்கத்தை நிரப்புகிறவற்றைக் கட்டிப்போடுங்கள். போட்டோ, வாட்ஸ்அப் சேமிப்பை நள்ளிரவுக்கோ கைமுறைக்கோ மாற்றுங்கள். பல வீடுகளில் உண்மையான காரணம் சிசிடிவி கமரா. இரவு பகலாக வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் படம் ஏற்றிக்கொண்டே இருக்கும், யாருக்கும் நினைவில் இருக்காது. அதை உள்ளே மெமரி காட்டில் பதியும்படி மாற்றுங்கள். ரவுட்டரின் அமைப்புகளில் கியூஓஎஸ் (எந்தப் பொட்டலத்துக்கு முதலிடம் என்று ஒழுங்குபடுத்தும் வசதி) என்ற பக்கம் இருந்தால், ஏறும் வேகத்தின் எல்லையை அளந்த வேகத்தில் 85 வீதத்துக்கு வையுங்கள். 400 என்றால் 340. வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேனே என்று தயங்க வேண்டாம். அப்போதுதான் வரிசை சேராது, குரலுக்கு இடம் கிடைக்கும்.

யாரும் எதையும் பாவிக்காத நேரத்திலும் பிங் தாறுமாறாக ஏறி இறங்கினால் கதை வேறு. சாதாரண லேண்ட்லைனைக் காதில் வையுங்கள். கரகர என்றால் செம்புக் கம்பியில் ஈரம் அல்லது துருப்பிடித்த மூட்டு. மழைக்குப் பிறகு மோசமானால் சந்தேகமே வேண்டாம். மற்ற எல்லா இணைப்பையும் கழற்றி, வயர் வீட்டுக்குள் வரும் முதல் பெட்டியிலேயே ஸ்ப்ளிட்டரோடு (தொலைபேசியையும் இணையத்தையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) ரவுட்டரை நேரே பூட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பழுது உங்கள் வீட்டு வயரில். அங்கும் அப்படியென்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ள நொய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி லைனுக்கு மிஞ்சியிருக்கும் வலு) இலக்கத்தைக் குறித்துக்கொண்டு முறையிடுங்கள். 6 டெசிபலுக்குக் கீழே என்றால் லைன் தத்தளிக்கிறது. ‘இன்ரநெற் ஸ்லோ’ என்று முறையிடுவதைவிட ‘மழைக்குப் பிறகு மார்ஜின் 3க்கு வருகிறது’ என்று சொன்னால் வருகிற ஆளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும்.

வீட்டுக்குள் நன்றாகக் கதைக்கலாம். கிணற்றடிக்குப் போனதும் கோல் விழுந்துவிடுகிறது.

வைஃபை கோல் வெளியே கோபுரத்துக்குத் தாவ அங்கே 4ஜி குரல் சேவை இருக்க வேண்டும். 2ஜியோ 3ஜியோ மட்டும் பிடிக்கும் இடத்தில் தாவ முடியாமல் அறுந்துவிடும். ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பாவியுங்கள், 5ஐவிட அது தூரம் போகும். ரவுட்டரை அலுமாரிக்குள் வைக்காமல் கிணற்றடிப் பக்க ஜன்னலுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

லண்டனில் அண்ணா பாவித்த வோடஃபோன் ஷூர் சிக்னல் பெட்டியையும், கனடாவில் மச்சான் வாங்கிய பூஸ்டரையும் அனுப்பியிருக்கிறார்கள். எதைப் பூட்டலாம்?

இரண்டையும் வேண்டாம். முதலாவது ஃபெம்டோசெல். பிரித்தானியாவில் அந்த ஒரு நிறுவனத்தின் வலையமைப்போடு மட்டுமே பேசும். அதுவும் 3ஜிப் பெட்டி, அங்கே 3ஜியையே மூடிவிட்டார்கள். இரண்டாவது வட அமெரிக்காவின் 700, 850, 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்காகச் செய்தது. நமக்கு வேண்டியவை 900, 1800, 2100. போதாததற்கு அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 100-240 என்று எழுதியிராவிட்டால் பூட்டிய உடனே புகைந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் பக்கத்துக் கடையில் ஏதோ பூஸ்டர் பூட்டிய பிறகு, எங்கள் போனில் கோடு முழுக்க இருக்கிறது. ஆனால் கோல் போகுதில்லை.

முதல் பதிலில் நான் பயந்தது இதைத்தான். கோடு காட்டுவது கோபுரம் உங்களிடம் பேசும் வலுவை. உங்கள் போன் கோபுரத்திடம் பேசுவது அதில் தெரியாது. வெளி அன்டெனாவும் உள் அன்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தால், ஒன்றின் சத்தத்தை மற்றது பிடித்து, கோயில் மைக் ஊளையிடுவதுபோல ரிப்பீட்டர் ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளையில் உங்கள் குரல் கோபுரத்துக்குக் கேட்காது. கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கும் இது தெரிந்திருக்காது. பத்து நிமிடம் அணைத்துவைக்கச் சொல்லிச் சேர்ந்து சோதியுங்கள். அணைத்ததும் சரியானால், திகதி நேரத்தோடு உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள்.

கரண்ட் போனால் வைஃபை கோலும் போய்விடுமே. வயதான ஆக்கள் தனியே இருக்கிற வீடு.

போய்விடும். அதனால்தான் இந்தக் கேள்விக்காக நன்றி சொல்கிறேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்தோம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதையும் பார்த்தோம்.

ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும்போது பெட்டியில் இருக்கும் 8,800 எம்ஏஎச் என்ற இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-மணி. 8 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு வீண்போவதைக் கழித்து மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஃபைபர் வீடு என்றால் ஃபைபர் பெட்டி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் கரண்ட் வேண்டும்.

வைஃபையில் அவசர அழைப்பு எடுக்கும்போது கோபுரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், இந்த இரண்டோடும் வீட்டு முகவரியையும் பக்கத்துச் சந்தியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒரு தடவை வைஃபையை அணைத்துவிட்டு, வாசலின் எந்த மூலையில் சாதாரண சிக்னல் வருகிறது என்று பெற்றோருக்கே காட்டிப் பழக்குங்கள்.

ஸ்டார்லிங்க் எடுத்தால் எல்லாம் தீருமா?

2025 ஜூலையிலிருந்து இங்கே கிடைக்கிறது. செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, அதனால் பழைய செய்மதி இணையத்தைப்போல அரைச் செக்கன் தாமதம் இல்லை; குரல் நன்றாகவே போகும். ஆனால் டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். றப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு கிளை மறைத்தாலும் கோல் நடுவில் அறும். முதலில் அவர்களுடைய செயலியில் கமராவால் வானத்தைச் சோதித்துப் பாருங்கள். கோலுக்காக மட்டும் என்றால், மேலே சொன்ன 85 வீத வேலையைச் செய்து பார்க்காமல் இந்தச் செலவுக்குப் போக வேண்டாம்.

அப்பா பட்டன் போனைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். வைஃபை கோலிங் அவருக்கு எப்படி?

அவரை மாற்றச் சொல்லாதீர்கள். தொலைபேசி பூட்டும் துளை உள்ள 4ஜி ரவுட்டரைக் கேட்டு வாங்கி, அதில் சாதாரண மேசைத் தொலைபேசியைப் பூட்டுங்கள். ரிசீவரைத் தூக்கினால் போதும், வழமையான டயல் சத்தம் வரும். அதை எடுக்கும்போது குரல் சேவையும் அந்தச் சிம்மில் இருக்கிறதா, வெளி அன்டெனா பூட்டும் இடம் ரவுட்டரில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இது ஒரு போனைப்போலவே கோபுரத்தோடு பேசும் கருவிதான், பக்கத்து வீட்டுச் சிக்னலைப் பெருக்கிக் குழப்புவதில்லை. அன்டெனாவைக் கூரைக்கு மேலே, கோபுரம் இருக்கும் திசைக்கு நேரே திருப்பி, பாகை பாகையாக நகர்த்தி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிபிஎம் ஏறுகிறதா பாருங்கள். கேபிளைச் சுருக்கமாக வையுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 வயர் 1800 மெகாஹெர்ட்ஸில் மீற்றருக்கு முக்கால் டெசிபல் அளவில் தின்றுவிடும். பதினைந்து மீற்றர் இழுத்தால் அன்டெனாவால் கிடைத்ததெல்லாம் வயரிலேயே போய்விடும். ரவுட்டரை ஹோலில் அழகாக வைப்பதைவிட, அன்டெனாவுக்கு நேர் கீழே உள்ள அறையில் வைத்து, அங்கிருந்து தொலைபேசி வயரை அப்பாவின் கதிரை வரைக்கும் இழுத்துவிடுங்கள். அந்த வயர் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை.