புதுமை செய்யும் கலைஞர்கள் ஏன் பழைய புரட்சியைத் தேடிப் போகிறார்கள்?

'அவான்-கார்ட்' கலைஞர் என்றால், வழக்கமான பாணியை உடைத்து, யாரும் செய்யாததைச் செய்து பார்ப்பவர். இவர்கள் தங்கள் நாட்டின் புரட்சிக் காலத்தை எடுத்தாளக் காரணம் எளிது: வடிவம் விநோதமாக இருந்தாலும் கதை எல்லோருக்கும் தெரிந்தது, பார்ப்பவர் மிரண்டு ஓடமாட்டார். நம் டெல்டாவில் மாப்பிள்ளைச் சம்பாவை ஒற்றை நாற்று முறையில் நடுவதுபோல. விதை பழசு, நடவுதான் புதுசு.

1930 உப்புச் சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். சரி, அதற்கு ஒரு தூண் நிறுத்துவது வழக்கமான வழி. அதற்குப் பதில் வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளி உப்பைக் கூடம் முழுக்கக் கொட்டி, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னால்? பித்தவெடிப்பு உள்ள காலில் சுருக்கென்று ஏறும். என்னைக் கேட்டால், தூணைவிட இது நினைவில் நிற்கும்.

மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் அந்நாட்டுப் புரட்சியில் தானே போரிட்டவர். அப்புறம் சுவரோவியத்துக்குக் கார் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னைக் கொண்டுவந்தார்.

இதெல்லாம் அரசுப் பிரச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் சோவியத் ரஷ்யாவில் புரட்சியைக் கொண்டாடிய புதுப்பாணிக்காரர்களையே 1930களில் அரசு ஓரங்கட்டியது.