முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் ராடு: ஃப்ளை ஃபிஷிங் கேள்வி-பதில்

கேள்வி: வயது 34, கோவையில் மென்பொருள் வேலை. சின்ன வயதில் தங்கூசியும் தக்கையும் வைத்து ஆற்றில் கெண்டை பிடித்தவன். இப்போது, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங் மேல் ஆசை வந்துவிட்டது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்ந்த செட் 6,000-க்கு இணையத்தில் கிடைக்கிறது. ராடு மட்டுமே 40,000 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. எந்தத் தண்ணீரில் பிடிக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கிய ராடுகள் எத்தனையோ பரணில் கிடக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது.

கோவைக்காரருக்கு உடனே நினைவுக்கு வருவது நீலகிரிதான். அங்கே ஓடைகளில் இருக்கிற டிரவுட் இந்த மண்ணின் மீன் இல்லை. 1863-ல் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து முட்டை கொண்டுவந்து பார்த்தார், தேறவில்லை. பிறகு ஹெச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் முயற்சியில் ரெயின்போ டிரவுட் இங்கே பிடித்துக்கொண்டது. அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. ஆனால் ‘ஊட்டியில் டிரவுட் இருக்கு’ என்று கேள்விப்பட்டதை மட்டும் நம்பிக் காரை எடுக்காதீர்கள். அவலாஞ்சியைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கூடவே கூடாது. ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்திலும் வனத்துறையிலும் ‘இந்த வருஷம் எங்கே, எந்த மாதம், என்ன சீட்டு’ என்று கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். லீவு போட்டு இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுப் பக்கம் போவதாக இருந்தால், அங்கேயும் மீன்வளத் துறை உரிமம் வேண்டும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம் என்று டிரவுட் பிடிக்கத் தடை இருக்கும்.

சரி, இப்போது சாமானுக்கு வருவோம்.

உங்கள் பழைய தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறந்தது, தங்கூசி அதன் பின்னால் போனது. இதில் கதை தலைகீழ். முள்ளில் கட்டியிருக்கிற ‘ஃப்ளை’ கொஞ்சம் இறகும் நூலும்தான். காற்றில் ஊதினால் பறந்துவிடும், அதை வீச முடியாது. அதனால் லைனையே கனமாகச் செய்து, சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி லைனை வீசுகிறோம். ஃப்ளை சும்மா கூடவே போகிறது. இது புரிந்துவிட்டால் எதில் பணம் போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்: லைனில்.

லைன் பெட்டியில் 5, 6, 8 என்று ஓர் எண் இருக்கும். அது லைனின் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கும் எண். 5-வெயிட் லைன் என்றால் அந்த 30 அடி 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். ஒரு சவரனை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். 8-வெயிட் என்றால் 210 கிரெய்ன், பதின்மூன்றரை கிராம் வரும். ராடின் பிடிக்கு மேலேயும் இதே எண் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என் முதல் ராடு 8, லைன் 5. ‘எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க’ என்றார் கடைக்காரர். போட்டுப் பார்த்தேன். ராடு வளையவே இல்லை, லைன் என் காலடியில் கொத்தாக விழுந்தது. மூன்று வாரம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு 9 அடி, 5-வெயிட், நான்கு துண்டு ராடு போதும். கழற்றினால் ஒவ்வொரு துண்டும் முக்கால் மீட்டருக்குள் அடங்கும், ரயிலில் மேல் பர்த்தில் வைத்துவிடலாம். ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ என்று விளம்பரம் செய்கிற விறைப்பான ராடு கற்றுக்கொள்கிறவருக்கு ஆகாது. நடுவரை வளைகிற ‘மீடியம்’ வகைதான் கை தப்புசெய்தாலும் பொறுத்துக்கொள்ளும். கணக்கு இப்படிப் போடுங்கள்: ராடுக்கு 6,500, மிதக்கும் லைனுக்கு 4,500, ரீலுக்கு 2,000. மிச்சத்தில் லீடர் (லைன் நுனியில் கட்டுகிற, போகப்போக மெலிகிற நூல்), டிப்பெட் (அதன் நுனியில் சேர்த்து ஃப்ளையைக் கட்டுகிற மெல்லிய நூல்), ஒரு டஜன் ஃப்ளை. ரீலுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றால், இந்த அளவு டிரவுட்டுக்கு ரீல் என்பது லைன் சுற்றிவைக்கிற டப்பா. பெரும்பாலும் கையால்தான் இழுப்பீர்கள். 6,000 ரூபாய் செட்டில் ராடு பெரும்பாலும் பரவாயில்லாமல் இருக்கும், கோளாறு லைனில்தான். பெட்டியைத் திறந்ததும் சுருள் சுருளாக நிற்கும், நேராகாது. அந்தச் செட்டை வாங்கி லைனை மட்டும் மாற்றினாலும் தவறில்லை.

லைன் வகையில் ‘டபிள் டேப்பர்’ கிடைத்தால் எடுங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிச் சுற்றலாம். ஒரு விலைக்கு இரண்டு லைன். தூரமாக வீச ‘வெயிட் ஃபார்வர்டு’ நல்லது என்பார்கள், உண்மைதான். ஆனால் மலை ஓடையில் 30 அடிக்கு மேல் வீச இடம் எங்கே இருக்கிறது?

டிப்பெட் சுருளில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று போட்டிருப்பது பலரைக் குழப்பும். எண் ஏற ஏற நூல் மெல்லியது. 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு. ஆரம்பத்துக்கு 4எக்ஸ் வாங்குங்கள்.

மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனுக்கும் ஆகும் என்று 8-வெயிட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். காவிரியின் திமில் மஹசீர் மிக அருகிவிட்ட இனம் என்று 2018-லேயே ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதை நினைத்து ராடு வாங்காதீர்கள்.

இன்னொன்று, அட்டைக்குப் பயந்து கை கால் முழுக்கப் பூச்சிவிரட்டி பூசிக்கொண்டு அதே கையால் லைனைத் தொடாதீர்கள். அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் லைன் மேலுறையை அரித்துவிடும். மலைக்காரர்கள் வழி மூக்குப்பொடியும் உப்பும்தான், லைனுக்கும் கெடுதல் இல்லை.

முதல் ஒரு மாதம் தண்ணீர் பக்கமே போகாமல் புல்தரையில் பழகுங்கள். முள்ளுக்குப் பதில் நுனியில் ஒரு கம்பளி நூல் துண்டு. சிமெண்ட் தரை வேண்டாம், லைன் உரசிப் போகும். ஓடைக்குப் போகும்போது தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், முள் உங்கள் காதோரம்தான் பறக்கும்.

கேள்வி: இணையதளம் ஒன்றில் 11,000 ரூபாய்க்கு ஃப்ளை ராடு வாங்கினேன். குழாய் உறையைத் திறந்தால் நுனித்துண்டு உடைந்திருந்தது. ‘பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? இல்லையென்றால் மாற்றித் தர முடியாது’ என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. வீடியோ இருந்தால் உங்கள் வேலை சுலபம், அவ்வளவே. வீடியோ இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று நுகர்வோர் சட்டத்தில் எங்கும் இல்லை. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும்.

முதல் வேலை, தொலைபேசியில் சண்டை போடுவதை நிறுத்துங்கள். எழுத்தில் அனுப்புங்கள். இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் போட்டாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020 விதி. உடைந்த இடத்தை நெருக்கமாகப் படம் எடுங்கள். வெளிக்குழாய் நசுங்கியிருக்கிறதா என்பதையும் எடுங்கள். குழாய் நன்றாக இருந்து ராடு மட்டும் உடைந்திருந்தால் அனுப்பும் முன்பே உடைந்தது என்று வாதாட முடியும். கூரியர் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. நுகர்வோர் வழக்குகளுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே பதியலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

இன்னும் வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று வெளிநாட்டு ராடு விற்றால், உத்தரவாதம் கொடுப்பது யார் என்று கேளுங்கள். இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டி யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்தது. உத்தரவாதம் அமெரிக்காவில் இருக்கும், உடைந்த ராடு உங்கள் வீட்டில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஜிலேபியும் விராலும்தான். ஃப்ளை ராடு வீணா?

பதில்: வீணில்லை. ஜிலேபி சின்ன ஃப்ளையை நன்றாகவே எடுக்கும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. விராலுக்கு மட்டும் உங்கள் ஊர்ப் பையன்கள் வைத்திருக்கிற ரப்பர் தவளையே மேல். ஏரி குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: ஃப்ளை நானே கட்டிப் பழகுகிறேன். கூடலூர்ப் பக்கம் ஒருவர் காட்டுச் சேவலின் கழுத்து இறகு தருவதாகச் சொல்கிறார். வெளிநாட்டில் பெரிய விலைக்குப் போகுமாமே?

பதில்: விலை உண்மை. வாங்கினால் நீங்கள் உள்ளே போவதும் உண்மை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில், மெழுகு சொட்டிய மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். பிரிட்டிஷ் காலத்து சால்மன் ஃப்ளைகளில் இரண்டு பக்கமும் கண் மாதிரி வைத்துக் கட்டியது இதைத்தான். அந்த மோகத்தில் நம் காட்டிலிருந்து இறகு மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது ஒரு காலம். இப்போது அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள பறவை. வேட்டையாடுவதும் குற்றம், இறகை வாங்கி விற்பதும் குற்றம்.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. கறிக்கடையில் நாட்டுச்சேவலின் கழுத்துத்தோலைக் கேட்டு வாங்குங்கள், சும்மாவே கொடுப்பார்கள். கொழுப்பைச் சுரண்டி, உப்பு தடவி நிழலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். நம் ஊர்ச் சேவல் கழுத்து ‘இந்தியன் கேப்’ என்ற பெயரில் உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்களிடம் போகிற சரக்குதான். மயிலிறகு, தானாக உதிர்ந்தது என்றால் இங்கே பயன்படுத்தலாம். ஆனால் கட்டிய ஃப்ளையை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பும்போது அதில் மயிலிறகு இருக்கக் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை.

கேள்வி: மகளைப் பார்க்க நியூசிலாந்து போகிறோம். மருமகன் டிரவுட் பிடிக்க அழைத்துப்போவதாகச் சொல்கிறார். வழுக்காமல் இருக்க ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) அடிப்பாகம் வைத்த பூட்ஸ் இங்கேயே மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2004-ல் டிடிமோ என்ற பாசி அங்கே ஆறுகளில் பரவ ஆரம்பித்தது. ஈரம் காயாத ஃபெல்ட்டில் அது ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகிறது என்று 2008-லேயே அந்த வகைக் காலணிக்கு ஆற்றில் தடை போட்டுவிட்டார்கள். ரப்பர் அடிப்பாகம் போதும். இங்கே பயன்படுத்திய தூண்டில் சாமான் எதுவாக இருந்தாலும் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய், விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டௌபோ ஏரிப் பகுதிக்குத் தனி உரிமம், மற்ற இடங்களுக்கு வேறு உரிமம். எது வேண்டும் என்று மருமகனிடமே கேட்டு அவரையே எடுக்கச் சொல்லுங்கள், மாமனாருக்கு இதுகூடச் செய்யமாட்டாரா?

கேள்வி: என் கணவருக்கு இது பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. லீவு விட்டால் விடிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறார், மீன் கொண்டுவருவதே இல்லை. கேட்டால் விட்டுவிட்டேன் என்கிறார். ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் மூன்று ராடு இருக்கிறது, நாலாவது 28,000 ரூபாய்க்கு வாங்க வேண்டுமாம். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, ஆள் மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். இதே கடிதத்தை என் வீட்டிலும் எழுதியிருப்பார்கள்.

கல்லைப் புரட்டுவது மட்டும் பைத்தியம் இல்லை. கல்லுக்கு அடியில் நீர்ப்பூச்சிகளின் புழுப்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும், டிரவுட்டின் சாப்பாடு பெரும்பாலும் அதுதான். இன்றைக்கு எது அதிகம் இருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு பெரிசு என்று பார்த்து அதே மாதிரி ஃப்ளையை எடுத்துக் கட்ட வேண்டும். நாளில் பாதி இப்படித்தான் போகும். மீனை விட்டுவிட்டேன் என்பதையும் நம்பலாம். முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரிலேயே கழற்றிவிடுகிற பழக்கம் இதில் ரொம்பப் பேருக்கு உண்டு. பிடிபடாததையும் விட்டுவிட்டேன் என்று சொல்வது உண்டு, அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். ராடு சீக்கிரம் தேய்கிற பொருள் இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் இருபது வருஷம் வரும், பழைய ராடாக ஒரு விலைக்கு விற்கவும் முடியும். தேய்வது லைன்தான். அதனால் அவரிடம் மூன்று ராடையும் எடுத்துவரச் சொல்லி, பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மூன்றும் 4, 5, 6 என்று அடுத்தடுத்து இருந்தால் ஒரே வேலைக்கு மூன்று ராடு என்று அர்த்தம், அதில் இரண்டை விற்ற பிறகு நாலாவதைப் பற்றிப் பேசலாம். அவர் கேட்கிற ராடும் 5 என்றால், பில் எங்கே என்று கேளுங்கள். அநேகமாக ஏற்கெனவே வாங்கி அலுவலகத்தில் வைத்திருப்பார்.