வாசகர் கேள்வி பதில்: மீட்டர் கியரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது கேபிளில் இயங்கும் வேகமானி உள்ள, முன்சக்கர இயக்கக் கார். வாங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. சில வாரங்களாக வேக முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டர் எண்களும் நகரவில்லை. பட்டறையில் காரைப் பார்க்காமலேயே மீட்டர் கியர் தேய்ந்துவிட்டது என்றார்கள். அதை நானே மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகர், பேராக்

பதில்: முடியும். ஆனால் கியரை வாங்குவதற்கு முன்பு, சுழற்சி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற அக்காலத்துக் கார்களில், கியர் பாக்சுக்குள் இருக்கும் ஒரு பல்சக்கரம், மீட்டர் கியர் எனப்படும் சிறிய பிளாஸ்டிக் கியரைச் சுழற்றும்; அந்தக் கியர் கேபிளின் உட்கம்பியைச் சுழற்றும்; கம்பி மீட்டரைச் சுழற்றும். முள்ளும் எண்களும் ஒருசேர நின்றிருப்பதால் கோளாறு கியரிலோ கேபிளிலோ மீட்டரின் தொடக்கத்திலோ இருக்கலாம். பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி, காருக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். இரண்டையும் தூக்கினால், நீங்கள் ஒன்றைத் திருப்பும்போது மற்றது எதிர்த்திசையில் சுழன்று, உள்ளே இருக்கும் பல்சக்கரம் அசையாமலேயே நிற்கக்கூடும். நல்ல கியரையும் கெட்டது என்று எண்ணிவிடுவீர்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும் எண்ணமே வேண்டாம்.

இப்போது கியர் பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றி, தூக்கிய சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி, கேபிள் பொருந்தும் குழியை டார்ச் விளக்கால் பாருங்கள். குழி சுழன்றால் கியர் நன்றாக இருக்கிறது. கோளாறு கேபிளிலோ மீட்டரிலோதான் இருக்கிறது. சுழலாவிட்டால்தான் கியர் குற்றவாளி.

கியரைக் கழற்றுவதற்கு முன், சுற்றிலும் படிந்த செம்மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் முழுமையாகத் துடைத்துவிடுங்கள். தோட்டத்துச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் அந்த மூலையில் மண் கெட்டியாக அப்பியிருக்கும். அது கியர் பாக்சுக்குள் விழுந்தால், சிறிய பழுது பெரிய செலவாகிவிடும். பெரும்பாலான கார்களில் ஒரே ஒரு போல்ட்தான் கியரின் உறையைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றி, உறையை இடமும் வலமும் சிறிது திருப்பி மேலே இழுங்கள். நெம்புவதானால் மெதுவாக நெம்புங்கள். அலுமினிய விளிம்பு எளிதில் உடையும். வெளியே வந்த கியரை விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழமழவென்று சீவப்பட்டிருந்தால், அது சுழல மறுத்த கேபிளோடு போராடித் தேய்ந்தது என்று பொருள். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கேபிளின் உட்கம்பி விரலால் சுழற்றும்போது தடையின்றிச் சுழலவில்லை என்றால், புதிய கியரும் அதே கதிக்கு ஆளாகும். கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மீட்டருக்குள் கிரீஸ் ஏறாமலிருக்க மேல்முனையில் ஒரு சாண் நீளத்திற்குப் பூசாமல் விடுங்கள். கம்பி பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

பழைய கியரைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, பற்களை எண்ணி வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் நம்பாதீர்கள். பழைய கார்களின் உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் கிடைப்பதும் பயன்படும், ஆனால் எண்ணிக்கை பொருந்த வேண்டும். 28 பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் 30 பற்கள் உள்ளதைப் போட்டால் கேபிள் மெதுவாகச் சுழலும். நீங்கள் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மீட்டர் 84 என்றுதான் காட்டும். ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் செல்லும்போது வேக எல்லைக்குள் இருப்பதாக நம்பிக்கொண்டே அதைத் தாண்டியிருப்பீர்கள். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும்.

உறையில் புதிய ரப்பர் வளையம் போட்டு, அதில் சிறிது கியர் எண்ணெய் தடவுங்கள். பழையதையே போட்டால் அங்கே எண்ணெய் கசியும். உறையை உள்ளே இறக்கும்போது சக்கரத்தைச் சற்றே திருப்பினால் பற்கள் தாமாகப் பொருந்தும். பொருந்தாமல் நிற்கும்போது போல்ட்டை முறுக்கி அதை உள்ளே இழுக்க முயலாதீர்கள். புதிய பற்கள் அங்கேயே நொறுங்கிவிடும். பழைய கியரின் துண்டுகள் உள்ளே விழுந்திருந்தால் கியர் எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் பல்சக்கரமே உடைந்திருப்பது தெரிந்தால், கியர் பாக்சைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்க, நீங்கள் நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. குறைவாகக் காட்டினால் பற்களையும் டயர் அளவையும் மீண்டும் சரிபாருங்கள்.

கேள்வி: என் காரில் வேக முள் சரியாக அசைகிறது, கிலோமீட்டர் எண்கள் மட்டும் நின்றுவிட்டன. எனக்கும் இதே கியர்தானா?
– வாசகி, தாப்பா

பதில்: இல்லை, அம்மா. முள் அசைவதால் கியரும் கேபிளும் நலமாக இருக்கின்றன. மீட்டர் பெட்டிக்குள் எண்களை நகர்த்தும் சிறு பல்சக்கரம் உடைந்திருக்கும். மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை எஞ்சின் எண்ணெயைக் கிலோமீட்டர் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் மாற்றுங்கள். எண்கள் நின்ற நாளைக் குறித்து வைத்து, காரை விற்கும் காலத்தில் வாங்குபவரிடம் அதைத் தெரிவியுங்கள்.