ஜனனியும் யனனியும்

சார் வணக்கம், நாங்க கோயமுத்தூர், இப்ப மியூனிக். பொண்ணு ஜனனி செப்டம்பர்ல ரெண்டாங்கிளாஸ் சேர்ந்தா, ஆறு வாரமா ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசலையாம், வீட்டுல வாய் மூட மாட்டா. டீச்சர் வீட்டுலயும் ஜெர்மன் பேசுங்கன்னு சொல்றாங்க, எங்களுக்கே ஏ2 லெவல், அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன்தான். போன வாரத்துல இருந்து என்னை யனனின்னு கூப்பிடும்மாங்கறா. தப்பு பண்ணிட்டமா?
– ஒரு அம்மா
(பொண்ணு பேர மாத்திருக்கேன்)

வணக்கங்க,

யனனிக்காக வருத்தப்படாதீங்க. அங்க ஜே எழுத்தே 'ய'தான், ஜனவரியே யனுவார் ஆயிருது, ஜனனி எப்படித் தப்பிப்பா. ஆனா டீச்சர்கிட்ட ஒருதடவை சொல்லிருங்க, காட்டுக்கு ஜுங்கல்னு சொல்றீங்கல்ல, அந்த ஜ தான் எம்பொண்ணு பேர்லயும்னு. சட்டுனு பிடிச்சுக்குவாங்க. அப்புறமும் யனனிதான் வேணும்னா அது அவ இஷ்டம், ஸ்கூலுக்கு ஒரு பேர் இருந்துட்டுப் போகட்டும், நமக்கெல்லாம் இல்லையா.

பேசாம இருக்கறது, புது மொழிக்குள்ள போற குழந்தைங்க நிறைய பேர் சில மாசம் அப்படித்தான் இருப்பாங்க, காது வேலை செஞ்சுட்டுதான் இருக்கும். கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒரு மொழிக்கல்வி ஆராய்ச்சியாளர் 1979லயே இதைப் பிரிச்சுக் காட்டினார், விளையாடறப்ப பேசற மொழி வேற பாடத்துக்கு வேணுங்கற மொழி வேறன்னு, முதலாவதுக்கு சுமாரா 2 வருஷம், ரெண்டாவதுக்கு 5ல இருந்து 7 வருஷம் ஆகும்பார். நீங்க ஆறு வாரத்துக்கே அழறீங்க.

வீட்டுல ஜெர்மன் மட்டும் வேண்டாம். நான் பண்ணிப் பாத்து கெடுத்தவன். ஸ்டுட்கார்ட்ல என் பையன் மூணாங்கிளாஸ்ல நாலு மாசம் ஊமையா இருந்தான், டீச்சர் பேச்சைக் கேட்டு நானும் ஓட்டை ஜெர்மன்ல ஆரம்பிச்சேன், ஆண்பால் பெண்பால் பாத்து பேர்ச்சொல்லுக்கு முன்னாடி போடற டெர், டீ, தாஸ்ல எனக்கிருந்த குழப்பமெல்லாம் அவனுக்கும் ஒட்டிக்கிச்சு, அதுகூடப் பரவால்ல, சாயங்காலம் வந்து ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றதையே நிறுத்திட்டான், அப்பாகிட்ட அதுக்கெல்லாம் வார்த்தை இல்லைன்னு அவனுக்குப் புரிஞ்சிருச்சு. தமிழுக்குத் திரும்பின அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினான், ஒருத்தன் டெய்லி இவன் பென்சில் பாக்ஸை ஒளிச்சு வைக்கறதெல்லாம் அப்பத்தான் எனக்கே தெரியும்.

நவம்பர் 11 மார்ட்டின் விளக்கு ஊர்வலம் வருது, குழந்தைங்க காகித விளக்கு தூக்கிட்டுப் பாடிட்டே தெருவுல போவாங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க. கூட்டத்தோட பாடறப்ப யாரும் யார் வாயையும் பாக்க மாட்டாங்க. குளிரும், குல்லா மறந்துராதீங்க.